பஞ்சுக் குச்சியில் ஒளிந்திருந்த பெண்: டி.என்.ஏ. ரேகை வேலை செய்யும் விதம்

[காட்சி: சட்டையில் காய்ந்த ரத்தக் கறை]

இந்தக் கறை யாரோடதுன்னு தெரிஞ்சுக்க முழு டி.என்.ஏ.வையும் படிக்கிறதில்ல. இருபது சொச்சம் இடத்துல மட்டும் எண்ணிப் பார்ப்பாங்க.

எதை எண்ணுறாங்க? 11ஆம் குரோமோசோம்ல டி.ஹெச்.01னு ஒரு இடம். அங்க ஏ-ஏ-டி-ஜி-ங்கிற டி.என்.ஏ. நாலெழுத்து திரும்பத் திரும்ப வரும். அப்பா தந்ததுல 6 தடவை, அம்மா தந்ததுல 9 தடவைன்னா, அங்க உங்க எண் 6, 9. இதே ஜோடி ஊர்ல பல பேருக்கு இருக்கும். ஆனா இருபது இடத்துலயும் ஒத்துப் போகணுமே! இடத்துக்குப் பத்துல ஒருத்தர்னு வெச்சுப் பெருக்குங்க: 1க்குப் பின்னாடி 20 பூஜ்யம் போட்ட எண்ணுல ஒருத்தர். ஒரே கருவுல இருந்து பிரிஞ்ச இரட்டையரை மட்டும் இது பிரிச்சுக் காட்டாது.

[காட்சி: ஆய்வகம்]

ரத்தத்துல டி.என்.ஏ. கிடைக்கிறது வெள்ளையணுவுல, சிவப்பணுவுக்கு டி.என்.ஏ. இருக்கிற நியூக்ளியஸே இல்ல. ஆனா சிவப்பணுவுக்கு நிறம் தர்ற ஹீமைச் சரியா நீக்கலன்னா, அடுத்த கட்டமான பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்குறது, படுத்துடும். அதுக்கு 1 நானோகிராம் டி.என்.ஏ. போதும், சுமார் 150 செல். 94 டிகிரி சூட்டுல இழைகள் பிரியும்; 60 பக்கம் இறக்கினா நகல் ஆரம்பிக்கும். இப்படி 28, 30 சுற்று. அப்புறம் தலைமுடி கனத்துல ஒரு குழாய்க்குள்ள மின்சாரம் கொடுத்து ஓட விடுவாங்க. குட்டைத் துண்டு முன்னாடி வந்துடும். வந்து சேர்ற நேரம் நீளத்தைச் சொல்லும், நீளம் எண்ணிக்கையைச் சொல்லும்.

டி.என்.ஏ. ரொம்பக் கம்மியா இருந்தா 6, 9ல ஒண்ணு பதிவாகாமலே போயிடும். ஈரத் துணியை பிளாஸ்டிக் கவர்ல கட்டினா பாக்டீரியா தின்னுடும். நிழல்ல உலர்த்தி பேப்பர் கவர்ல போடணும்.

தந்தை யாருங்கிற வழக்குலயும் இதே எண்ணுதான். பிள்ளையோட ஜோடியில அம்மாவோடதைக் கழிச்சா, மிச்சம் அப்பாகிட்ட இருக்கணும். ஒரே ஒரு இடம் இடிச்சா உடனே "இவர் இல்ல"ன்னு எழுத மாட்டாங்க. அது பிள்ளைக்கு வர்றப்ப தானா நடந்த மரபணு மாற்றமாவும் (மியூட்டேஷன்) இருக்கலாம்.

1984ல இங்கிலாந்தின் லெஸ்டர்ல மரபியல் விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீஸ் இதுக்கு வழி திறந்தார். முதல் கொலை விசாரணையிலயே, தான்தான் செஞ்சேன்னு ஒப்புக்கிட்ட ஒரு பையனை இது விடுவிச்சது.

[காட்சி: பஞ்சுக் குச்சி, நெருக்கத்தில்]

அதே சோதனை ஜெர்மன் போலீஸைப் பல வருஷம் சுத்தவும் விட்டுச்சு. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ்னு நாப்பது இடத்துல ஒரே பெண்ணோட டி.என்.ஏ. ஜெர்மனியோட ஹைல்ப்ரான் ஊர்ல 2007ல கொல்லப்பட்ட பெண் போலீஸ் வழக்குலயும் அதே டி.என்.ஏ.தான். 2009ல உண்மை வெளிய வந்துச்சு: அது, தடயத்தைத் தொட்டு எடுக்கிற பஞ்சுக் குச்சியைத் தயாரிச்ச இடத்துல வேலை பார்த்த பெண்ணோடது. குச்சியில கிருமி நீக்கியிருந்தாங்க. கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனாலதான் இப்ப எதையும் தொடாத ஒரு வெறும் குச்சியையும் சேர்த்து ஓட்டுறாங்க. அதுல ஒரு எண் வந்தாலும் சந்தேகம் முதல்ல குச்சி மேலதான்.