மூன்று மணி ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். குளிர்காலத்துச் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு மதுரையில் நான் டி.வி.யைப் போட்டால், அவன் ஊர் அணி ஆடும் இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டம் ஓடும். அங்கே அப்போது பிற்பகல் மூன்று மணி. மைதானத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவன் எனக்கு போன் போட்டு, "மாமா, அந்த கோல் எப்படி விழுந்தது?" என்பான். டிக்கெட் கிடைத்திருக்காது. அவன் வீட்டு டி.வி.யில் அந்த ஆட்டம் வராது.

காரணம் பழையது. பெரிய அணிகளின் ஆட்டத்தைச் சனிக்கிழமை பிற்பகலில் டி.வி.யில் காட்டினால் சின்ன ஊர் கிளப்புகளின் ஆட்டத்துக்கு ஆள் வராது என்று 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் வாதாடினார். சின்ன கிளப்புகளுக்கு வாசலில் விழும் டிக்கெட் காசுதானே சோறு! அன்று தொடங்கியது, சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்து நேரலை கிடையாது.

அந்த நேரத்தில் அங்கே டி.வி.யில் முன்னாள் ஆட்டக்காரர்கள் சிலர் உட்கார்ந்து, நம் கண்ணில் படாத திரையில் ஆட்டத்தைப் பார்த்து "ஐயோ, போச்சு!" என்று கத்துவார்கள். நாம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வானொலி வர்ணனைக்கு மட்டும் தடை இல்லை. இதை மைக் முன்னால் சொல்வதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

சரி, இன்னொரு வேலியும் உண்டு. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். வாங்குகிறவர் கொட்டிக் கொடுப்பதே, தன் எல்லைக்குள் வேறு யாரும் காட்டக் கூடாது என்பதற்காகத்தான். வெளிநாட்டு சிக்னல் மலிவாக உள்ளே வந்தால் அந்த விலை நிற்காது.

போர்ட்ஸ்மவுத்தில் பப் நடத்திய ஓர் அம்மா அந்த வேலியைத் தாண்டினார். கிரேக்கச் சேனலின் பூட்டிய சிக்னலைத் திறக்கும் டீகோடர் கார்டை வாங்கி, வாடிக்கையாளர்களுக்கு ஆட்டம் காட்டினார். அபராதமும் வழக்குச் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு போட்டார்கள். விடவில்லை, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 2011 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: பிரிட்டனும் அப்போது இருந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு உறுப்பு நாட்டு கார்டைத் தடை செய்வது செல்லாது, ஆட்டத்துக்கே பதிப்புரிமை கிடையாது. ஆனால் லீக்கின் இசைக்கும் முகப்புப் படத்துக்கும் திரை வரைகலைக்கும் உண்டு. பப்பில் அவற்றைக் காட்ட அனுமதி வேண்டும். பந்தை விட்டுவிட்டு அவற்றை மட்டும் எப்படி மறைப்பது? மறு வருடம் அவருடைய தண்டனை ரத்தானது.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். "போர்ட்ஸ்மவுத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு மாமா?" என்றான்.