ஒரே சேற்றில் இரண்டு வயது

வணக்கம் நேயர்களே. இன்று சேற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வட அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், ஓர் ஏரியின் அடியில் படிந்த சேறு.

அந்தப் பகுதியில் கோடை வந்தாலும் மேல்மண் மட்டும்தான் இளகும். அதற்குக் கீழே ஆண்டு முழுக்கக் கல்லாக உறைந்தே கிடக்கும். பெர்மாஃப்ராஸ்ட் என்பது இதுதான். உறைநிலம் என்று வைத்துக்கொள்வோம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மடிந்த புல்லும் வேரும் மக்காமல் அதற்குள் கிடக்கின்றன. வடபுலத்து உறைநிலப் பகுதிகளின் மண்ணில் உள்ள கார்பன், காற்றில் இருப்பதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலம் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியே விடும்.

சரி, முன்பு பூமி சூடானபோது இப்படி நடந்ததா? அதைத்தான் ஆய்வாளர்கள் சேற்றிடம் கேட்டிருக்கிறார்கள்.

ஏரியின் அடியில் குழாயை இறக்கி, சேற்றை அடுக்குக் கலையாமல் தூண்போல எடுப்பார்கள். ஓர் அடுக்கில் இலைத் துணுக்கு ஏதாவது கிடைத்தால், அதிலுள்ள கார்பன் 14-ஐ, அதாவது காலம் போகப் போகச் சிதைந்து குறையும் ஒரு வகைக் கார்பனை, அளந்து வயதைச் சொல்லிவிடலாம். ஆனால் இலை கிடந்த அதே சேற்றை அளந்தால், வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கூடுதலாக வரும்! காலம் கணிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. காரணம் என்ன? இலை அப்போது உதிர்ந்தது. சேற்றிலோ, கரையோர உறைநிலம் இளகி அடித்துக்கொண்டு வந்த பழங்காலத்துக் கார்பனும் கலந்திருக்கிறது. அப்படியென்றால் இரண்டு வயதுக்கும் இடைவெளி கூடினால், இளக்கமும் கூடியிருக்க வேண்டும். தலைவலியையே அளவுகோலாக்கிவிட்டார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கடந்த 14,500 ஆண்டுகளில் படிந்த சேற்றை இப்படி அளந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய இடைவெளி சுமார் 2,000 ஆண்டுகள். 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை நிலவிய கடுங்குளிர் காலத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் வந்த வெப்ப காலங்களில் 3,000 முதல் 5,000 வரை ஏறியிருக்கிறது. அப்போது ஏரிக்கு வந்து சேர்ந்த பழைய கார்பன், இன்று வருவதைப் போல் சுமார் பத்து மடங்கு.

இப்போதும்தான் சூடு ஏறுகிறது, பிறகு ஏன் இன்றைய இடைவெளி இவ்வளவு குறைவு? மண்ணின் மேல் படிந்திருக்கும் பாசி, மக்கிய தழை, பீட் எனப்படும் பாதி மக்கிய தாவர அடுக்கு ஆகியவை கம்பளிப் போர்வைபோலக் கோடை வெயிலைத் தடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘அப்பாடா’ என்று சிலர் மூச்சு விடலாம். நான் விட மாட்டேன். அந்தப் போர்வை எரியக்கூடியது. 2007-இல் அதே வட அலாஸ்காவில், அனக்டுவுக் ஆற்றுப் பக்கம் மின்னல் விழுந்து, சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தூந்திரம் எரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், எரிந்த இடங்களில் பனிக்கட்டி மிகுந்த நிலம் உருகி அமிழத் தொடங்கியது.