கறுப்புப் புள்ளி தெரிந்ததும் கடைக்கு ஓடாதீர்கள்
(திருப்பூரில் புகைப்பட ஆர்வலர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

நம் ஊரில் கேமராவுக்கு முதல் எதிரி பஞ்சுதான். பனியன் கம்பெனிக்குள் நின்று லென்ஸைக் கழற்றி மாற்றினால், கண்ணுக்குத் தெரியாத நூலிழை ஒன்று உள்ளே நுழைந்து, ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஈரோட்டுக்காரர்களுக்கு மஞ்சள் மண்டித் தூசி. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றோ நம் எல்லோருக்கும் பொது. படத்தில் கறுப்புப் புள்ளியொன்று தெரிந்ததும் கேமரா போயிற்றென்று பதறி, ஒரு கடையில் தேவையே இல்லாத உதிரிபாகத்துக்குப் பணம் கட்டி வந்தவன் நான்.

புள்ளி எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியே போதுமான சோதனைக்கூடம். லென்ஸில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வேட்டி படச்சட்டம் முழுவதையும் நிறைக்குமாறு ஒரு படம் எடுங்கள். லென்ஸை மாற்றி எடுத்தபின்பும் புள்ளி அதே இடத்தில் நின்றால் தூசி சென்சாரில் இருக்கிறது. சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளிக்குரிய தூசி, லென்ஸைக் கழற்றி முன்னிருந்து பார்க்கையில் கீழ் இடது மூலையில் இருக்கும்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு, மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்யும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் குமிழால் நாலைந்து முறை காற்றடியுங்கள். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள கேமராவில், சுத்தம் செய்வதற்காக மேலே தூக்கி நிற்கும் அந்தக் கண்ணாடி, பாதியில் பேட்டரி தீர்ந்தால் படக்கென்று கீழே விழும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதைத் துடைப்பது தூசியை அகற்றுவதைவிடப் பெரும்பாடு.

மழைக்காலத்தில் வால்பாறைக்குப் போய்வந்த லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ஏதேனும் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. உள்கண்ணாடியில் வந்துவிட்டதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். வராமல் தடுக்க, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தவிட்டு மாவு லென்ஸின் சந்துகளில் ஏறிவிடும்.

மெமரி கார்டில் எழுத முடியவில்லை என்று வந்தால், அதன் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படங்கள் அழிந்துபோனால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காதீர்கள். அழிப்பதென்பது பெரும்பாலும் பட்டியலை நீக்குவதுதான், புதிய படம் எழுதப்படும்வரை பழையது மீளக்கூடும். கேமரா திடீரென்று அணைந்தால், பேட்டரியின் உலோக முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை உதறிவிட்டுப் போடுங்கள்.

ஃபிளாஷ் பக்கத்து ஸ்க்ரூவில் மட்டும் கைவைக்காதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.