டெஸ்ட் எல்லாம் நார்மல், வயிறு மட்டும் வலிக்கிறது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்கிற குடல் தொல்லை உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோப்பி நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க’ என்ற பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார். ஸ்கேனில் தெரியாத வலியை இல்லாத வலி என்று தள்ளிவிடுகிறோம். அந்த வலியை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1973இல் ஜேம்ஸ் ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனை வைத்து ஊதினார். 60 மில்லி, அதாவது ஏறத்தாழ கால் டம்ளர் அளவு ஊதியதுமே நோயாளிகளில் 55 சதவீதம் பேருக்கு வலித்தது. நோய் இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் வலித்தது.

அப்படியானால் சாப்பாட்டினால் வரும் உப்புசம்? இவர்கள் வயிற்றில் காற்று கூடுதலாக உண்டாகிறதா? இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இதை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தார்கள். 2017இல் வந்த ஆய்வு அது. நோயாளிகள் 29 பேர், நலமானவர்கள் 29 பேர். அரை லிட்டர் நீரில் 40 கிராம் சர்க்கரைப்பொருளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒருமுறை குளுக்கோஸ், ஒருமுறை பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ், ஒருமுறை இனுலின் என்ற நார்ச்சத்து. ஃபிரக்டோஸ் முழுதாக உறிஞ்சப்படாமல் தண்ணீரைச் சிறுகுடலுக்குள் இழுத்து வைத்தது. இனுலினைச் செரிக்க நம்மிடம் நொதியே கிடையாது; அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியா அதைப் புளிக்கவைத்துக் காற்றாக்கியது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் ஃபிரக்டான் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

கவனிக்க வேண்டியது அடுத்தது. இரு தரப்பிலும் குடல் விரிந்த அளவு ஏறக்குறைய ஒன்றேதான். தொல்லைப்பட்டவர்கள்தான் நோயாளிகள் தரப்பில் அதிகம். அதே காற்றை இவர்களுடைய நரம்பு வலியாக உணர்கிறது.

நரம்பு ஏன் இப்படிக் கூசுகிறது? ஒரு காரணம் தெளிவாகத் தெரியும்: பழைய வயிற்றுத் தொற்று. கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதம் கனமழையில் மாட்டுச்சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் கலந்தது. 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் படுத்தார்கள். பின்னால் கணக்கெடுத்தபோது, அப்போது நோயுற்றதாக மருத்துவப் பதிவில் இருந்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். வந்திருந்தது, நோயுறாதவர்களில் 10 சதவீதம். கிருமி போன பிறகும், குடல்சுவரில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் நரம்பு நுனிக்குப் பக்கத்தில் நின்று, நரம்பைத் தூண்டும் ஹிஸ்டமின் போன்றவற்றைச் சுரந்துகொண்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மன அழுத்தமும் இதைக் கூட்டும், உண்மைதான். அதற்காக வலி கற்பனையாகிவிடாது.

ஆனாலும் எல்லா வயிற்றுவலிக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் — இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் முழுப் பரிசோதனை வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வளர்த்தெடுத்த ஃபாட்மேப் முறை, குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளிக்கும் சர்க்கரைப்பொருட்களைக் குறைத்துப் பார்ப்பது. அதில் மூன்று கட்டங்கள் உண்டு: விலக்குவது, ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிப்பது, ஒத்துக்கொள்வதை வைத்துச் சாப்பாட்டை அமைத்துக்கொள்வது. நம்மில் பலர் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, பால் என்று மாதக்கணக்கில் விலக்கினால் குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியா குறைந்துபோகும், உடம்பும் இளைக்கலாம். விலக்குவது 2 முதல் 6 வாரம் வரை போதும். அதற்குள் பலன் இல்லையென்றால் இந்த முறை உங்களுக்கு இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அரிசிச்சோறு இதில் பெரும் துணை, பெரும்பாலானவர்களுக்குக் காற்றைக் கிளப்பாது.

பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை எண்ணெயில் மட்டும் வதக்கி, துண்டு மிச்சமில்லாமல் எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ரசத்தில் கொதிக்கவிட்டுப் பிறகு பொறுக்கி எடுத்தால் பயனில்லை, அதற்குள் சாற்றில் இறங்கியிருக்கும்.

தொல்லை தணிந்ததும் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதியுங்கள். மற்றதெல்லாம் விலக்கியபடியே இருக்க, ஒரு பொருளை மட்டும் முதல் நாள் கொஞ்சம், மறுநாள் சற்றுக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. வலித்தால் நிறுத்தி, வயிறு பழையபடி ஆனபின் அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் வெங்காயத்தையும் பாலையும் சேர்த்தால் வலித்தது எதனால் என்று தெரியாது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதி, உணவியல் நிபுணரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள்.