ஒரு பீடி, இரண்டு வார்டு

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஆஸ்பத்திரியில் இதய வார்டு மாடியில், புற்றுநோய் வார்டு பின்கட்டில். இரண்டு வார்டுக்கும் துணைக்கு வந்தவர்கள் நிற்பது வாசலில் உள்ள ஒரே டீக்கடையில்தான். பலர் கையில் பீடி புகையும்.

"சிகரெட்டெல்லாம் கிடையாதுங்க டாக்டர், வெறும் பீடிதான்" என்பார்கள். பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் இலைச்சுருள் சட்டென்று அணைந்துவிடும். அணையாமலிருக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. புகையிலுள்ள பிசுபிசுப்பான தார், நுரையீரல் செல்லின் மரபணுவிலேயே கைவைக்கிறது; புற்றுநோய் அங்கேதான் தொடங்குகிறது.

1951-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் டாக்டர்களிடமே புகைப்பழக்கத்தை விசாரித்து, யார் எதனால் இறக்கிறார்கள் என்று தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் தேடிப்போனது நுரையீரல் புற்றுநோயை; மாரடைப்பும் கூடவே அகப்பட்டது. டாக்டர்களும் ஊதத்தான் செய்தார்கள்!

அப்புறம் தொப்பை. பீடியைப் போல இதுவும் இரண்டு வார்டுக்கும் வழிகாட்டும். இடுப்புச் சுற்றளவு நம்மூர் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை, பிரஷர், ரத்தக் குழாய் அடைப்பு என்று வரிசையாக இழுத்துவரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தக் கொழுப்பிலேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும். மார்பகம், கருப்பை இரண்டிலும் புற்றுநோய் வர அது வழிவிடும்.

"நடங்க, காய்கறி சாப்பிடுங்க" என்று சீட்டு எழுதுவது எங்களுக்குச் சுலபம். இரண்டு ஷிப்ட் பார்க்கிறவர் எப்போது நடப்பார்? சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா பரிசோதனைக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வலி வந்த பிறகுதான் வருவார். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்: பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறது.

சரி, "இத்தனை வருஷம் பீடி குடிச்சாச்சு, இனி விட்டு என்ன?" என்பவருக்கு ஒரு கணக்கு. விட்ட ஒரே வருடத்தில், புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நுரையீரல் புற்றுநோய் அபாயம் பாதியாகப் பத்து வருடம் பிடிக்கும். அந்த பிரிட்டிஷ் டாக்டர்களில் 40 வயதில் விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிடச் சுமார் 9 ஆண்டு ஆயுள் கூடுதல். 60-ல் விட்டவர்களுக்குக்கூட 3 ஆண்டு.

பேனா இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். புகையிலையை விட உதவும் இலவச எண்: 1800 11 2356.