நேட்டால் கரும்பில் விழுந்த கோடு

[படம்: ஒரு கரும்புத் தோகை, திரை முழுக்க]

இந்தத் தோகையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நரம்போட நரம்பா வெளிறின கோடு, விட்டு விட்டு, ஈர சாக்பீஸால இழுத்த மாதிரி. இதுதான் கோட்டு நோய். காரணம் ஒரு வைரஸ்.

[காட்சி: தென்னாப்பிரிக்காவின் நேட்டால், டர்பனுக்கு வடக்கே, மவுண்ட் எட்ஜ்கோம்ப்]

1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல வந்து இறங்கின நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டு வந்ததே கரும்புக்காகத்தான். என் கொள்ளுத் தாத்தா காலத்துல கண்ணுக்கெட்டின தூரம் ஒரே ரகம்: உபா. முரட்டுக் கரும்பு. தேமல் நோய் வைரஸ் மத்த ரகங்களைப் புரட்டிப் போட்டப்போ உபா அசையல. கோட்டு நோய்கிட்ட படுத்துடுச்சு.

மனுஷ செல்லுக்குள்ள நுழையணும்னா, வைரஸ் அதோட மேற்பரப்புல எதையாவது பிடிச்சுக்கணும். மாட்டுக்கும் அதே கதைதான். செடியில அந்த வித்தை பலிக்காது; செல்லைச் சுத்தி கெட்டிச் சுவர். யாராவது ஓட்டை போட்டுத் தரணும்.

[படம்: தத்துப்பூச்சி, பெரிதாக்கி]

போட்டுத் தர்றது இவர்தான். எள்ளு அளவு. ஊசி வாயை இறக்கிச் சாறு உறிஞ்சும்போது வைரஸும் கூடவே போகும். தேமலைப் பரப்புற அசுவினிப் பூச்சிக்கு இது வாய்நுனி சமாச்சாரம், அழுக்கு ஊசி மாதிரி. தத்துப்பூச்சியில வைரஸ் குடல் சுவரைத் தாண்டி, உடம்புக்குள்ள சுத்தி, எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரணும். அப்புறம்தான் அடுத்த செடி.

அந்தக் குடல்தான் வாசல்னு எப்படித் தெரிஞ்சுது? ஸ்டோரின்னு ஒரு ஆராய்ச்சியாளர், இதே குடும்பத்து மக்காச்சோள வைரஸை வெச்சுப் பார்த்தார். ஒரே இனம்தான், ஆனா சில பூச்சி எவ்வளவு குடிச்சாலும் நோயைப் பரப்பல. அதோட வயித்துல ஊசியால குத்திக் குடலை ஓட்டை பண்ணார். பரப்ப ஆரம்பிச்சுடுச்சு! 1933ல வெளிவந்த வேலை. எள்ளு சைஸ் பூச்சிக்கு ஆபரேஷன், யோசிச்சுப் பாருங்க.

செடிக்குள்ள வைரஸ் கொண்டு போறது வட்டமான ஒரு டிஎன்ஏ இழை, சுமார் 2,700 எழுத்து. நகல் எடுக்கிற இயந்திரம் செல்லோடது. நகல் ஆனதும் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கிற நுண்துளை வழியா அடுத்த வீடு.

பூச்சி இல்லாமலும் பரவும், நம்ம கையால. கரும்பை விதை தூவி வளர்க்கிறதில்ல, கரணை வெட்டி நடுறோம். நோய் பிடிச்ச கரணைன்னா முளைக்கும்போதே கோடு இருக்கும்.

உபாவுக்கு மாத்து எங்க இருந்து வந்துச்சு? கோயம்புத்தூர்ல இருந்து! நேட்டால் குளிர்ல கரும்புப் பூ சரியா விதை கட்டாது. அதனால கோயம்புத்தூர்ல கலப்பு பண்ணின விதையையும் கப்பல் ஏத்தினாங்க. அதுல மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஆய்வு நிலையம் தேர்ந்தெடுத்து 1945ல விட்ட ரகம் என்சிஓ 310. என்-னா நேட்டால், சிஓ-ன்னா கோயம்புத்தூர். நம்மள மாதிரியே.

அதே 310 ஆஸ்திரேலியாவுக்கும் போச்சு. 1970கள்ல பண்டபர்க் பக்கம் ஃபிஜி நோய்னு வேற வைரஸ், வேற தத்துப்பூச்சி. அங்க அது தாங்கல.