நித்தம் நடையும் நடைப்பழக்கம்: அலெக் கின்னஸ்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஆறு மணிக்குப் பூட்டவேண்டிய கூடத்தை நமக்காக எட்டு மணி வரை திறந்துவைத்திருக்கும் நூலகர் அவர்களே, மாணவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மா இன்னொரு நிகழ்ச்சியிலிருந்து நேராக இங்கே வந்தார்கள் என்று செயலாளர் சொன்னார். நன்றி அம்மா. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசியில் கேட்கிறேன்.

அலெக் கின்னஸ் என்ற ஆங்கில நடிகரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எப்படி நடிகரானார், எப்படி நடித்தார், ஒரு சிற்றூரின் நாடக மேடைக்கு அவர் எப்படி வந்தார் என்று மூன்று பகுதியாகப் பேச நினைத்து வந்திருக்கிறேன்.

"சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த வெண்பாவை அதோடு நிறுத்திவிடுகிறோம். பின்னாலேயே "நித்தம் நடையும் நடைப்பழக்கம்" என்று வருகிறது. அங்கே நடை என்றால் ஒழுக்கம் என்று உரை சொல்வார்கள், சரிதான். நான் இன்று காலால் நடக்கிற நடையையே அதில் பார்க்கிறேன். கின்னஸின் நடிப்பு முழுவதும் அந்த நடையில்தான் இருக்கிறது. ஒரு பாத்திரம் எப்படி நடக்கும் என்று பிடிபடாதவரை அந்தப் பாத்திரமே தனக்குப் பிடிபடாது என்று நினைத்தவர் அவர்.

1914 ஏப்ரல் 2 அன்று லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. தந்தை யார் என்று கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரியாது. தாயோடு வாடகை அறை மாறி மாறி வளர்ந்த பிள்ளை. பள்ளி முடிந்ததும் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. நடிப்புக் கற்க மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையிடம் போனார். சில வகுப்புகளிலேயே அந்த அம்மையார், உனக்கு நடிப்பு வராது என்று சொல்லிவிட்டார். இவர் விடவில்லை.

1934இல் கையில் காசில்லை, சாப்பாடு சரியில்லை. அன்றைக்கு லண்டன் மேடையில் கொடிகட்டிப் பறந்தவர் ஜான் கீல்குட். அவரைப் போய்ப் பார்த்தார். கீல்குட் வாய்ப்புத் தேடி இங்கே போ, அங்கே போ என்று அனுப்பிப் பார்த்தார், எங்கும் அமையவில்லை. கடைசியில் இருபது பவுண்டை எடுத்து நீட்டினார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். பசியோடு நின்ற இளைஞர் அதை வாங்கிக்கொள்ளாமல், பணிவாக மறுத்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார். அதே ஆண்டு கீல்குட் தான் மேடையேற்றிய ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடத்தை அவருக்குக் கொடுத்தார். நம் வெண்பாவின் கடைசி அடி கொடையைப் பிறவிக் குணம் என்கிறது. அது கீல்குட்டுக்குப் பொருந்தும். நடைப்பழக்கம் கின்னஸுடையது. தெருவில் போகிறவர்களுக்குப் பின்னால் போய், அவர்கள் நடப்பது மாதிரியே நடந்து பார்ப்பாராம்.

போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலிப் படையெடுப்பின்போது தரையிறங்கு படகு ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். போருக்குப் பின் இயக்குநர் டேவிட் லீன் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1949இல் ஒரே படத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக நடித்தார். அதில் ஒருவர் பெண். நம்மூரில் ஒன்பது வேடம், பத்து வேடம் பார்த்தவர்கள் நாம். அதற்கெல்லாம் முந்தியது இது.

இப்போது சொல்லப் போவதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். கின்னஸுக்கு மாத்யூ என்று ஒரே மகன். பதினோரு வயதில் அவனுக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இந்த மருந்து ஊற்றுகிற முகாம் எல்லாம் வருவதற்கு முந்திய காலம் அம்மா, என்ன ஆகுமோ யாருக்கும் தெரியாது. தந்தை தினமும் படப்பிடிப்பு முடிந்து திரும்பும் வழியில் ஒரு சின்னக் கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். பையன் பிழைத்தான். கால் ஊன்றினான். விறைத்த காலை இழுத்து இழுத்து, விழாமல் இருக்கவே முழுப் பலத்தையும் செலவழித்து நடந்தான். அந்த நடையைத் தந்தை பார்த்துக்கொண்டே இருந்தார்.

சில ஆண்டுகள் கழித்து, லீன் இயக்கிய க்வாய் நதிப் பாலம் படத்துக்காக இலங்கையில் கித்துள்கல என்ற ஊரில், களனி ஆற்றங்கரையில் படப்பிடிப்பு. கின்னஸுக்கு, போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் வேடம். அவரைக் கொளுத்தும் வெயிலில் ஒரு தகரக் கூண்டுக்குள் நாள்கணக்கில் அடைத்துவைக்கிறார்கள். ஒருநாள் கதவைத் திறக்கிறார்கள். அவர் முகாம் தளபதியின் குடிசை வரைக்கும் நடந்து போக வேண்டும். அவருடைய சிப்பாய்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் கிடையாது. கால் பின்னுகிறது, முதுகு மட்டும் வளையவில்லை. விழுந்துவிடுவார் என்று நமக்குத் தோன்றுகிறது, விழவில்லை. அந்த நடை அவருடைய மகன் மாத்யூவின் நடை. நோயிலிருந்து எழுந்த பிள்ளை எப்படி நடந்தானோ, அதையே தந்தை அங்கே நடந்து காட்டினார். தான் செய்ததிலேயே சிறந்தவற்றில் ஒன்றாக அந்தக் காட்சியைக் கருதினார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. மாத்யூவும் வளர்ந்து நடிகரானார். நித்தம் நடையும் நடைப்பழக்கம்!

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போனால் மனம் ஆறாது. அந்தப் படம் பேசும், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். படத்தில் அவர்கள் கதை இல்லை.

1959இல் சர் பட்டம் வந்தது. ஸ்டார் வார்ஸ் படத்தில் ஓபி வான் கெனோபியாக வருகிற பெரியவர் இவர்தான், பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 2000 ஆகஸ்ட் 5 அன்று, 86 வயதில் காலமானார்.

சரி, மூன்றாவது பகுதிக்கு, நான் முக்கியமாகப் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்ட்ராட்ஃபோர்ட் என்று ஒரு சிற்றூர். ரயில் இஞ்சின் பழுது பார்க்கிற பட்டறைதான் அங்கே பிழைப்பு. நீராவி இஞ்சின் காலம் முடியப் போகிறது, ஊர் என்ன ஆகும் என்ற கவலை. டாம் பேட்டர்சன் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், நாம் ஒரு நாடக விழா நடத்துவோம் என்றார். நகர்மன்றம் அவருடைய பயணச் செலவுக்கு 125 டாலர் கொடுத்தது. அம்மா, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், 125 டாலர்தான். டைரோன் கத்ரி என்ற ஆங்கில நாடக இயக்குநர் வந்தார். கட்டடம் கிடையாது, பெரிய கூடாரம் ஒன்றைப் போட்டார்கள். நடுவில் பணம் தீர்ந்தபோதும் கட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1953 ஜூலை 13 இரவு, அந்தக் கூடாரத்து மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகத்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னனாக வந்து முதல் வசனத்தைப் பேசியவர் அலெக் கின்னஸ். அப்போதே உலகம் அறிந்த திரை நடிகர். ரயில் பட்டறை ஊருக்கு, கூடாரத்தில் நடிக்க வந்தார். 1957இல் நிரந்தர அரங்கம் எழுந்தது. விழா இன்றும் நடக்கிறது.

பழக்கம் பழக்கம் என்று வெண்பா சொல்கிறது. பழக இடம் வேண்டாமா? நம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திறந்தவெளிக் கலையரங்கம் ஒன்று இருக்கிறதே, அதற்குள் போய் எத்தனை வருடம் ஆயிற்று? மேடைக்கு முன்னால் கருவேலம் வளர்ந்து நிற்கிறது. நான் பத்தாம் வகுப்பில் முதன்முதலாக வேடம் கட்டியது அந்த மேடையில்தான். சத்தமாகப் பேசுவது எப்படி, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அங்கேதான் கற்றேன். இதோ தரையில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குச் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் ஒத்திகை பார்க்கிறார்கள். தலைமையாசிரியர் ஐயாவுக்கு அது தெரியும்.

நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன்.

அம்மா, கலையரங்கத்தின் சாவி உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன். வாரத்தில் மூன்று மாலை இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். கருவேலத்தை வெட்டுவது, கூட்டிப் பெருக்குவது, இரண்டு விளக்குப் போடுவது எல்லாம் வாசகர் வட்டம் பார்த்துக்கொள்ளும். மனு நூலகர் மேசைமேல் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.